நேரமில்லாத உடல்கள்: இடைவெளிப் பயிற்சி ஆய்வுகளைப் பெண்ணாக வாசித்தல்

2016ஆம் ஆண்டு ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. பன்னிரண்டு வாரம் செய்த வேக இடைவெளிப் பயிற்சி, வழக்கமான நீண்ட பயிற்சிக்கு இணையான நலனைத் தருகிறது என்றும், அதற்கு ஐந்தில் ஒரு பங்கு நேரமே போதுமானதாக இருந்தது என்றும் அதன் தலைப்பே அறிவித்துவிடுகிறது. யாருடைய நலன் என்பது தலைப்பில் இல்லை. ஆய்வுச் சுருக்கத்துக்குள் போனால்தான் தெரிகிறது: உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆண்கள், சராசரி வயது 27.

தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஒருத்திக்கு இந்த இடத்தில் கண் நிற்பது இயல்பு. ‘மிதித்தான்’ என்றால் ஆண்பால். ‘மிதித்தாள்’ என்றால் பெண்பால். ‘மிதித்தார்கள்’ என்று பலர்பாலில் எழுதிவிட்டால் சைக்கிளை மிதித்தது யாரென்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. நலப் பக்கங்களில் வரும் ஆய்வுச் செய்திகள் பலர்பாலில்தான் பேசுகின்றன. ‘வாரத்துக்கு மூன்று நிமிடம் போதும், விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்’ என்று வாசிக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண், அந்த ‘போதும்’ தன் உடலை அளந்து சொல்லப்பட்டதென்று நம்புகிறாள். அளக்கப்பட்டவர்கள் இருபத்தைந்து இளைஞர்கள்.

இந்த ஆய்வின் முதல் ஆசிரியர் ஜென்னா கில்லன் ஒரு பெண். அந்த ஆய்வுக்கூடத்தின் புகழ்பெற்ற 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கிர்ஸ்டன் பர்கோமாஸ்டரும் பெண். ஆய்வுக்கூடத்துக்குள் பெண்கள் வந்துவிட்டால் ஆய்வுக்கு உட்படும் உடல்களிலும் பெண்கள் வந்துவிடுவார்கள் என்ற எளிய நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. இலக்கியத் துறைகளில் இருக்கும் நமக்கு இது புதிதும் அல்ல. பாடத்திட்டக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருந்தும் பாடத்திட்டம் மாறாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆனால் கட்டுரையை அப்படியே ஒதுக்கிவிட நான் இதை எழுதவில்லை. அதில் உள்ள செய்தி உண்மையிலேயே வியப்பானது. ஒன்பது பேர் வாரம் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம் நிலைச்சைக்கிள் மிதித்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உயிரைக் கொடுத்து மிதித்தது இருபது இருபது வினாடியாக மூன்று முறை மட்டுமே. நடுவில் இரண்டிரண்டு நிமிடம் மெதுவான மிதி, முன்னும் பின்னும் கொஞ்சம் சூடேற்றல், ஆறவைத்தல். இன்னொரு பத்துப் பேர் நாற்பத்தைந்து நிமிடம் ஒரே சீராக மிதித்தார்கள். ஆறு பேர் எதையும் செய்யவில்லை. பன்னிரண்டு வாரம் முடிந்தபோது, பயிற்சி செய்த இரு குழுக்களிலும் உடல் ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறன் ஏறக்குறைய 19 சதவீதம் உயர்ந்திருந்தது. இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையும் இரண்டிலும் முன்னேறியிருந்தது. தொடைத் தசையிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்குகளில் மைட்டோகாண்ட்ரியாவின் அளவும் இரண்டிலும் கூடியிருந்தது.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதை அறிவியல்காரர்களின் தனிச்சொத்தாக விட்டுவைப்பதால்தான் நம் உடலைப் பற்றி யாரோ ஒருவர் ‘போதும்’, ‘போதாது’ என்று தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

மெதுவாக நடக்கும்போது தசையின் எல்லா இழைகளும் வேலைக்கு அழைக்கப்படுவதில்லை. நிதானமாக, நீண்ட நேரம் உழைக்கும் இழைகளே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. வேகத்துக்கென்றே அமைந்த இழைகள், பேருந்தைப் பிடிக்க ஓடும்போதோ மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறும்போதோதான் எழுப்பப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் எழுப்பப்படாத இழை சுருங்கும். அந்த இருபது வினாடி அவற்றை எழுப்புகிறது. தசையில் சேமித்து வைத்த சர்க்கரை, கிளைக்கோஜன், சட்டெனக் கரைகிறது. ஆற்றல் இருப்புக் குறைந்துவிட்டது என்ற செய்தி உயிரணுவுக்குள் பரவுகிறது. அதைக் கேட்டுச் சில நொதிகள் விழிக்க, மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாகக் கட்டும்படி ஆணை பிறக்கிறது. குளுக்கோஸை இரத்தத்திலிருந்து தசைக்குள் விடும் கதவுகள் அதிகமாகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல இரத்த நீர்மத்தின் அளவும், இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவும் கூடுகின்றன. நீண்ட நேரம் நடந்து அடையும் மாற்றங்களில் பலவற்றைக் குறுகிய நேரத்தில், உரத்த குரலில் கேட்டு வாங்குவதுதான் இடைவெளிப் பயிற்சி.

அசைவின்மை உடலை எவ்வளவு விரைவில் வீழ்த்தும் என்பதற்கும் ஒரு பழைய சான்று உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதை ஒட்டிய ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அழைத்து அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிது என்று தெரிந்தது. மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் ஆய்வு. அந்த ஐந்து பேரும் ஆண்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இடைவெளிப் பயிற்சியின் வரலாறே அப்படித்தான். 1930களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரைண்டெலும் ஓட்டக்காரர்களைக் கொண்டு இதை முறைப்படுத்தினார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஜடோபெக், நானூறு மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடியே தன்னைத் தயாரித்துக்கொண்டவர். 1996இல் ஜப்பானின் இசுமி தபாத்தா வெளியிட்ட இருபது வினாடி உழைப்பு, பத்து வினாடி ஓய்வு என்ற முறை இன்று உலகமெங்கும் ஜிம்களில் ‘தபாட்டா’ என்று விற்பனையாகிறது. அவர் ஆராய்ந்தது உடற்கல்வி படித்த இளைஞர்களை. இந்த வரிசையில் பெண் எங்கே என்று தேடினால், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவள் தட்டுப்படுகிறாள். பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஓட்டமே பெண்களுக்கு மறுக்கப்பட்டது. மறுபடி அனுமதிக்கப்பட்டது 1960இல். ஓடி முடித்த ஆண் மூச்சு வாங்கக் குனிந்தால் அது வீரம். பெண் குனிந்தால் அது நோய்க்குறி. முப்பத்திரண்டு ஆண்டுகள் அவளைத் தடுத்து நிறுத்தியது அவளுடைய நுரையீரல் அல்ல, பார்த்தவர்களின் கண்.

சரி, பெண்களையும் சேர்த்துக்கொண்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இங்கேதான் என் கேள்வி கூர்மையாகிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஏழு ஆண்களும் எட்டுப் பெண்களும் ஆறு வாரம் குறுகிய இடைவெளிப் பயிற்சி செய்தார்கள். ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் ஆண்களுக்கு 15 சதவீதமும் பெண்களுக்கு 12 சதவீதமும் உயர்ந்தது. இன்சுலின் இணக்கம் ஆண்களுக்கு 28 சதவீதம் முன்னேறியது. பெண்களுக்கு முன்னேற்றம் தெரியவில்லை. 2014இல் மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடமே ஏழு ஆண்கள், ஏழு பெண்கள் என்று சரிபாதியாக எடுத்துச் செய்த ஆய்வில், தசையின் திறன் இருபாலருக்கும் கூடியது. ஆனால் இருபத்திநாலு மணி நேர இரத்தச் சர்க்கரையின் சராசரி ஆண்களுக்குக் குறைந்தது, பெண்களுக்கு இருந்த இடத்திலேயே நின்றது.

ஏழு பேரையும் எட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு பெண்ணுடலின் இயல்பு இதுதான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெண்களின் சர்க்கரை அளவு தொடக்கத்திலேயே ஆண்களைவிடக் குறைவாக இருந்ததும் காரணமாகலாம். மாதச் சுழற்சியின் எந்த நாளில் அளந்தார்கள் என்பதாலும் எண்கள் நகரும். நான் சொல்ல வருவது வேறு. இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து ‘இங்கே ஒரு வேறுபாடு இருக்கலாம்’ என்று கைகாட்டுகின்றன. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து மேலும் அதிகமான பெண்களை அழைத்திருக்க வேண்டும். ஆனால் அதே கூடத்திலிருந்து அடுத்து வந்த பெரிய ஆய்வு, முதலில் நான் சொன்ன 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஒரு பிரதியில் மௌனம் எங்கே விழுகிறது என்று பார் என்றுதான் ஆய்வு மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறோம். இந்த மௌனம் சரியாகக் கேள்வி எழுந்த இடத்தில் விழுந்திருக்கிறது. ஹார்மோன் சுழற்சி ஆய்வைச் சிக்கலாக்கும், அதனால் முதலில் ஆண்கள் என்பது இத்துறையின் வழக்கமான சமாதானம். பாதி மனிதகுலத்தின் உடல் ஒரு சிக்கல், மறுபாதியின் உடல் மட்டும் மாதிரி!

அடுத்தது, இந்தக் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே தொடங்கும் விதம். மக்கள் ஏன் உடற்பயிற்சி செய்வதில்லை? நேரமில்லை என்கிறார்கள். ஆகவே குறைந்த நேரத்தில் முடியும் பயிற்சியைத் தேடுவோம். இப்படி ஒரு தர்க்கம். மார்ட்டின் கிபாலா இத்துறையைப் பொதுவாசகர்களுக்கு எழுதிய நூலின் பெயரிலேயே ‘ஒரு நிமிடம்’ இருக்கிறது. நேரமின்மை இந்தப் பிரதிகளில் மழை போல, வெயில் போல வருகிறது. எங்கிருந்து வந்தது, யார் எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

நம் நாட்டில் அந்த விசாரணைக்குச் சான்று இருக்கிறது. 2019இல் ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். ‘ஈடுபடும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு வருபவளிடம், ‘கவலைப்படாதே, உனக்குப் பத்து நிமிடத்தில் முடியும் ஒன்று கண்டுபிடித்திருக்கிறோம்’ என்று சொல்வதில் இரக்கம் இருக்கலாம். நியாயம் இல்லை. அந்த ஐந்து மணி நேரத்தைத் தொடாமலே தீர்வு சொல்லிவிட முடிகிறது என்பதுதான் இதன் கவர்ச்சி என்றுகூட எனக்குத் தோன்றும். இதில் இன்னொரு கணக்கும் விடுபடுகிறது. பத்து நிமிடம் வியர்க்க மிதித்த பெண் குளிக்க வேண்டும், தலை நனைந்திருந்தால் உலர்த்த வேண்டும், அந்த உடுப்பைத் துவைக்க வேண்டும், அதற்குள் பால் பொங்கிவிடக் கூடாது.

‘அசைவற்றவர்’ என்ற சொல்லும் அவ்வளவு எளிதல்ல. 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயதுவந்த பெண்களில் 57 சதவீதம் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் இது 42 சதவீதம். ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்பவள் எப்படி அசைவற்றவள் ஆனாள்? உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய கேள்வித்தாளைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. வீட்டு வேலையையும் அது கேட்கத்தான் செய்கிறது. ஆனால், தொடர்ந்து குறைந்தது பத்து நிமிடம் செய்ததைத்தான் கேட்கிறது. பெண்ணின் நாள் அப்படி அமைவதில்லை. மூன்று நிமிடம் தண்ணீர்க் குடம், இரண்டு நிமிடம் மாடிப்படி, நாலு நிமிடம் துணி பிழிதல், நடுவே அடுப்பு, நடுவே பிள்ளை, நடுவே அழைப்புமணி. துண்டுதுண்டான அந்த உழைப்பு பத்து நிமிடச் சல்லடையில் நிற்காமல் கீழே விழுந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் ஓர் இளைஞன் இருபது வினாடித் துண்டுகளாக உழைத்தால் அது கண்டுபிடிப்பு. 2020இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் பத்து நிமிட நிபந்தனையைக் கைவிட்டது. நல்லது.

அந்தத் துண்டுகளையும் எண்ணினால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வும் வந்துவிட்டது. பிரிட்டனின் ‘பயோபேங்க்’ தொகுப்பில், உடற்பயிற்சி செய்வதில்லை என்று சொன்ன 13,018 பெண்களையும் 9,350 ஆண்களையும், மணிக்கட்டில் அணிந்த கருவியின் பதிவுகளைக் கொண்டு பின்தொடர்ந்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி, மாடிப்படி ஏறுவது, சுமையோடு விரைவது போன்ற, மூச்சு வாங்கவைக்கும் சிறுசிறு வேகங்கள் நாளொன்றுக்கு மொத்தம் மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்த பெண்களுக்கு, அப்படி எதுவுமே இல்லாத பெண்களைவிட மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய பாதியாக, 45 சதவீதம், குறைந்திருந்தது. ஆண்களிடம் இவ்வளவு தெளிவான தொடர்பு தென்படவில்லை. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு. ஏற்கெனவே நலமாக இருப்பவள் வேகமாகப் படியேறுகிறாள் என்பதும் இதில் கலந்திருக்கும். என்றாலும் பெண்களைத் தனியாக எண்ணியதால்தான் இந்த வேறுபாடு தெரிந்தது.

இதை வாசித்தவுடன் ஒரு குரல் கிளம்பும். அதை நான் நன்றாக அறிவேன். ‘அதுதான் அப்பவே சொன்னோம். அம்மியில அரைச்சு, ஆட்டுக்கல்லுல ஆட்டி, குனிஞ்சு கூட்டின வரைக்கும் பொம்பளைங்களுக்கு ஒரு நோயும் வரல.’ மிக்ஸி வாங்கியதுதான் பெண்ணின் நோய்க்குக் காரணம் என்று மேடையில் பேசி கைத்தட்டல் வாங்கும் பட்டிமன்றப் பேச்சாளர்கள் நம்மிடம் உண்டு. அவர்கள் யாரும் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டு வேலையே உடற்பயிற்சி என்ற வாதத்தை உடலியலும் ஏற்காது. அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பது காலை வீங்கவைக்கும், இதயத் துடிப்பைப் பயிற்சி அளவுக்கு உயர்த்தாது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பும் ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உழைப்பும் உடலுக்கு ஒரே பலனைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். முன்னதில் எப்போது நிறுத்துவது என்பது உழைப்பவளின் கையில் இல்லை.

இடைவெளிப் பயிற்சியில் இடைவெளி என்பது எது? வேகம் அல்ல. ஓய்வுதான். ஃப்ரைபர்க்கின் ரைண்டெல், இதயம் வளர்வது ஓடும்போதல்ல, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே துடிப்பு இறங்கும் அந்தச் சிறு பொழுதில்தான் என்று கருதினார். இந்தப் பயிற்சிக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும், 120க்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள், பிறகே அடுத்த ஓட்டம். பிற்கால அறிவியல் அந்தக் கருத்தை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் ஓய்வும் பயிற்சியின் பகுதி, அதுவும் அளந்து கொடுக்கப்பட வேண்டியது என்பது நிலைத்துவிட்டது. எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் அக்காவின் நாளில் வேகம் இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, சுமை இருக்கிறது. லிஃப்ட் அவருக்கு இல்லை என்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்திருப்பதால் மாடிப்படியும் இருக்கிறது. துடிப்பு 120க்கு இறங்கும்வரை காத்திருக்க மட்டும் அவருக்கு யாரும் அனுமதி தரவில்லை.

பெண்ணுடலின் தனிக் கேள்விகள் இன்னும் சில இருக்கின்றன. அவற்றை நம் மொழியில் யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. இடைவெளிப் பயிற்சி என்று கைபேசியில் தேடினால் வருவன பெரும்பாலும் குதிக்கும் பயிற்சிகள். பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்குக் குதித்தால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசியும். இடுப்படித் தசைகள் தளர்ந்திருப்பதன் விளைவு அது. உரிய பயிற்சியால் பெரும்பாலும் சரிப்படுத்தக்கூடியது. ஆனால் வெட்கத்தால் வெளியே சொல்லாமல், ‘எனக்கெல்லாம் எக்சர்சைஸ் ஒத்துவராது’ என்று பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். நிலைச்சைக்கிள் மிதித்த இளைஞர்களின் ஆய்வில் இந்தக் கேள்வி எழுந்திருக்கவே முடியாது.

அதைவிடப் பெரியது இரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இந்தப் பயிற்சியின் பலனையே ஆக்சிஜன் உள்வாங்கும் திறனைக் கொண்டுதான் அளக்கிறார்கள். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது பன்னிரண்டு கிராமுக்குக் கீழே இருக்கும் பெண்ணின் இதயம், இரண்டு மாடி ஏறும்போதே மற்றவர்களின் இதயத்தைவிடக் கூடுதலாக அடித்துக்கொள்கிறது. அவளை மூச்சு முட்ட மிதிக்கச் சொல்வதற்கு முன்னால் அவளுடைய தட்டில் என்ன இருந்தது, வீட்டில் யார் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் உட்கார்ந்தாள் என்று கேட்க வேண்டும். மாணவிகள் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன்பும் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

பிறகு, வேகம். பெண்ணின் வேகத்துக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்னநடை இருக்கிறது. வேகமாகக் கால் எடுத்து வைத்தவளுக்கு ‘ஓடுகாலி’ இருக்கிறது. அந்த வசைச் சொல்லில் குற்றமாக நிற்பது கால்கள் ஓடியதுதான். ஆணுக்கு அதே பொருளில் அது புழங்குவதில்லை. ஒரு மாலையில் நான் கல்லூரிச் சாலையில் வேகநடை பழகியபோது பூக்கார அம்மா உண்மையான பதற்றத்தோடு எழுந்து, ‘என்ன டீச்சரம்மா, எவனாச்சும் பின்னால வரானா?’ என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த உலகில் ஒரு பெண் வேகமாக நடக்க வேறு காரணம் இல்லை. அவர் கேட்டதில் தவறும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. மெக்மாஸ்டரின் புகழ் இதற்கு இல்லை. ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் மாட்சுமோட்டோ என்ற நகரில், ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி நோசேயும் அவருடைய குழுவினரும் நடத்தியது. 2007இல் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் 246 பேர். அவர்களில் 186 பேர் பெண்கள். சராசரி வயது 63. மூன்று நிமிடம் தன்னால் முடிந்ததில் எழுபது சதவீதத்துக்கு மேல் வேகநடை, அடுத்த மூன்று நிமிடம் நிதான நடை. இப்படி ஐந்து முறை, வாரத்துக்கு நான்கு நாளேனும். மிதிவண்டி வேண்டாம், ஜிம் வேண்டாம், உயிரைக் கொடுக்கவும் வேண்டாம். இன்னொரு குழு ஒரே சீராக நாளுக்கு எட்டாயிரம் அடி நடந்தது. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது, இடைவெளி விட்டு நடந்த பெண்களின் முழங்கால் நீட்டும் வலு 13 சதவீதமும் மடக்கும் வலு 17 சதவீதமும் கூடியிருந்தன. ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் எட்டு, ஒன்பது சதவீதம் உயர்ந்தது. இரத்த அழுத்தமும் இறங்கியது. சீராக நடந்தவர்களிடம் இவ்வளவு மாற்றம் இல்லை.

19 சதவீதத்துக்குப் பக்கத்தில் இந்த எட்டும் ஒன்பதும் சின்ன எண்கள். ஆனால் முழங்கால் வலு என்பதை அறுபது வயதுப் பெண்ணின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து கைதாங்கல் இல்லாமல் எழுவது, பேருந்தின் உயரமான படியில் ஏறுவது, கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது. யாரையும் கூப்பிடாமல் இவற்றைச் செய்ய முடிவதும் முடியாமல் போவதும்தான் முதுமையில் ஒரு பெண்ணின் சுதந்திரத்தின் அளவு. ‘இன்சுலின் இணக்கம்’ என்று எழுதினால் ஆய்விதழ் மதிக்கும். ‘பேருந்துப் படி’ என்று எழுதினால் என் அம்மா வாசிப்பார்.

ஆகவே எங்கள் கல்லூரியில் நாலைந்து பேர் மாட்சுமோட்டோ கணக்கில்தான் நடக்கிறோம். மாலையில் மைதானம் பையன்களின் கிரிக்கெட்டுக்கு என்று வழக்கமாகிவிட்டதால் மூன்றாவது மாடித் தாழ்வாரம் எங்களுக்கு. ஒரு மாணவி கைபேசியில் மூன்று நிமிட மணியை வைக்கிறாள். துடிப்பு அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதற்குப் பதில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது: நிதான நடையில் பேச முடிய வேண்டும், வேகநடையில் முழு வாக்கியம் பேச முடியக் கூடாது. கணக்குத் துறை மேடம் அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறார். தன் மாமியார் காலத்துச் சொத்துத் தகராறை மூன்று வாரமாகச் சொல்லிவருகிறார். மணி அடித்ததும் கதை பாதி வாக்கியத்தில் நிற்கிறது, மூன்று நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, மறுபடி மணி அடித்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குகிறது. பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பதை இன்னும் அவர் சொல்லி முடிக்கவில்லை.